நீரில் இருந்த பூச்சிமருந்து எங்கே போனது?

மெத்திலீன் நீலச் சாயம் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை டைட்டானியம் டை ஆக்சைடு தூளைப் போட்டு, கலக்கியபடியே புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலம் மெல்ல வெளுத்துவிடும். ஒளிபட்ட தூள் ஒன்று வேதிவினையைத் தூண்டுவதே ஒளிவினையூக்கம். அது என்றதும் ஆய்வகங்களில் பெரும்பாலும் முதலில் செய்துகாட்டும் சோதனை இது.

ஆனால் விளக்கைப் போடும் முன் அந்தக் கலவையை இருட்டில் அரை மணி நேரமாவது கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். சாயத்தின் ஒரு பகுதி தூளின்மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்காவிட்டால் ஒட்டியதும் சிதைந்த கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத நீரில் இந்தச் சாயம் சிதையாமலேயே நிறமற்ற வடிவத்துக்கு மாறலாம். காற்று பட்டதும் நீலம் திரும்பிவிடும். வயல்களிலிருந்து வழியும் பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் ஒளியால் அழித்துவிடலாம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரும்பி வரும் நீலம்தான் நினைவுக்கு வருகிறது.

சுவர் வண்ணத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள்தான் இந்தத் தூள். 1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனால் செய்த மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டியபிறகு இதன் மதிப்பே மாறியது. அனடேஸ் என்னும் படிக வடிவில், எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீள ஒளிக்கே அதைத் தாண்டவைக்கும் வலு உண்டு. எலக்ட்ரான் மேலே தாவியதும் அது விட்டுச்சென்ற இடம் ‘துளை’ ஆகிறது. பெரும்பாலான எலக்ட்ரான்-துளைச் சோடிகள் கணத்தில் மீண்டும் சேர்ந்து வெப்பமாக வீணாகின்றன. தூளின் மேற்பரப்பை எட்டும் சில துளைகள் மட்டும் அங்குள்ள நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, ஹைட்ராக்சில் தனியுறுப்பை, அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட ஒரு துணுக்கை, உருவாக்குகின்றன. எதிர்ப்பட்ட கரிம மூலக்கூற்றையெல்லாம் தாக்கும் மூர்க்கம் அதற்கு. மேலே தாவிய எலக்ட்ரானைக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. கலவைக்குள் காற்றைச் செலுத்துவது இதற்காகத்தான்.

தரையை எட்டும் சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடு போன்றவற்றை நாடுகிறார்கள். அதன் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் நீரிலிருந்து ஹைட்ராக்சிலை நேரடியாகப் பிறப்பிக்கும் வலு அதன் துளைக்கு இல்லை.

இனி பூச்சிமருந்துக்கு வருவோம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் மூலக்கூற்றில் பாஸ்பரசோடு பிணைந்த கந்தக அணு ஒன்று உண்டு. ஆக்சிஜனேற்றத்தின் தொடக்கத்திலேயே அந்த இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாம். அப்படி உருவாகும் ஆக்சான், நரம்புகளுக்குத் தேவையான நொதியைத் தாய்ப்பொருளைவிட வலுவாக முடக்கும். அந்தக் கட்டத்தில் சோதித்து, குளோர்பைரிபாஸ் குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதினால் அது உண்மைதான். ஆனால் நீர் முன்னைவிட நஞ்சாகியிருக்கலாம். ஆகவே நீரில் எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு குளோர்பைரிபாஸ் மூலக்கூற்றிலும் மூன்று குளோரின் அணுக்கள் இருக்கின்றன. அவை குளோரைடு அயனிகளாக முழுவதும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆற்று நீருக்கு இம்முறை எளிதில் ஒத்துவராது. பைகார்பனேட்டும் மட்கிய இலைதழைகளின் கரிமப் பொருள்களும் தனியுறுப்புகளை முதலில் விழுங்கிவிடும். மருந்து தெளிக்கும் கலத்தைக் கழுவிய நீர் போல, நஞ்சு செறிந்தும் அளவு குறைந்தும் இருக்கும் இடத்தில் இது பொருந்தும் என்பது என் கருத்து. தூளைப் பின்னர் வடித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் கண்ணாடிப் பரப்பில் பூசியும் பயன்படுத்துகிறார்கள். அப்போது வேகம் குறையும்.

அட்ரசின் என்ற களைக்கொல்லியோ இதற்கு முழுதாகப் பணிவதே இல்லை. பக்கக் கிளைகளெல்லாம் உதிர்ந்தாலும் அதன் நடுவளையம் சயனூரிக் அமிலமாக நின்றுவிடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவினையால் அதற்குமேல் போக முடிவதில்லை. அட்ரசினோடு ஒப்பிட்டால் சயனூரிக் அமிலத்தின் நஞ்சு மிகக் குறைவு. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் சயனூரிக் அமிலத்தின் வளையத்தைத் திறந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. ஒளிவினை நடந்த கலத்திலிருந்து வரும் நீரை அவை வாழும் தொட்டிக்குள் விட்டால், அந்த வளையமும் உடையும்.