பிளே-ஆஃப்: சமன் தீர்க்க வந்த சொல்

ஐபிஎல் பார்க்கிறவர்களுக்குப் பிளே-ஆஃப் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை: பத்து அணிகளில் முதல் நான்கு இடம் பிடித்தவை மோதும் கடைசிக் கட்டம். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் வேறு. இருவர் சமமாக நின்றுவிட்டால், இன்னொரு ஆட்டம் ஆடி யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வது. கோல்ஃபில் இன்றும் அதே பொருள்தான். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) 1932இல் சிகாகோ பேர்ஸும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்டன்ஸும் முதலிடத்தில் சமமாக நின்றன. கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். வெளியே கடுங்குளிர் என்பதால் உள்ளரங்கில் ஆடி, பேர்ஸ் 9-0 என்று வென்றது.

பிறகு சமன் இல்லாவிட்டாலும் பிளே-ஆஃப் வந்தது. சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் வீங்கியது.

அந்த வீக்கத்தை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அதே முட்டைப் பந்து, ஆடுவது பல்கலைக்கழக அணிகள்) போல வேறெங்கும் பார்க்க முடியாது. அங்கே நெடுங்காலம் சாம்பியன் யார் என்பதை வாக்களித்தே முடிவு செய்தார்கள். 1997இல் ஒரு வாக்கெடுப்பு மிச்சிகன் என்றது, மற்றொன்று நெப்ராஸ்கா என்றது. உண்மையான பிளே-ஆஃப் தேவைப்பட்ட ஆண்டு அதுதான், ஆனால் நடக்கவில்லை! அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு அணிகளைப் பொறுக்கிப் பட்டத்துக்கு மோதவிட்டார்கள். 2014 பருவத்தில் அது நான்காகி, 2024இல் பன்னிரண்டானது.

இதனால் ரசிகரின் ஆர்வம் கூடியதா, குறைந்ததா? ஒஹாயோ ஸ்டேட் - மிச்சிகன் பரம்பரைப் பகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 நவம்பரில் இரண்டும் தோல்வியே காணாமல் முதலிரண்டு இடங்களில் நின்று மோதின. ஒஹாயோ 42-39 என்று வென்றது. மிச்சிகனின் பட்டக் கனவு அதோடு போயிற்று. 2024 நவம்பரில் அதே ஒஹாயோ, சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் அதற்கு இரண்டாவது தோல்வி. நான்கு அணிக் காலத்தில் இரண்டு தோல்வி கண்ட எந்த அணியும் உள்ளே நுழைந்ததில்லை. இந்த முறை நுழைந்தது, ஜனவரியில் பட்டத்தையும் வென்றது.

நவம்பர் ஆட்டத்தின் காரம் குறைந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் அன்று ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் வீரர்கள் எதிரி மைதானத்தின் நடுவே கொடி நட, கைகலப்பாகி, போலீசார் மிளகுத்தூள் தெளிக்க வேண்டியதாயிற்று. பகைக்குப் பட்டம் ஒரு பொருட்டல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான்கு அணி முறை இருந்த பத்துப் பருவங்களில் அலபாமா மட்டும் எட்டு முறை நுழைந்தது; மற்ற ஊர்களில் பாதிப் பருவத்திலேயே கணக்கு முடிந்துவிடும். 2024இல் இந்தியானா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் ரசிகர்களுக்கு டிசம்பர் வரை விரலை மடக்கிக் கணக்குப் போட வேலை இருந்தது. முதல் சுற்று பல்கலைக்கழகங்களின் சொந்த மைதானங்களிலேயே நடந்தது. விரிவாக்கத்தின் நல்ல பலனாக எனக்குப் படுவது அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? ‘தகுதிச் சுற்று’, ‘வெளியேற்றுச் சுற்று’ இரண்டும் பொருந்தா. ஐபிஎல் பிளே-ஆஃபுக்குள்ளேயே குவாலிஃபையர், எலிமினேட்டர் என்று தனித்தனி ஆட்டங்கள் இருப்பதால் அவற்றுக்கே அச்சொற்கள் தேவை. ‘இறுதிக் கட்டம்’ பொத்தாம்பொதுவானது. என் தேர்வு ‘தீர்வாட்டம்’. பல ஆட்டங்கள் சேர்ந்தால் ‘தீர்வுச் சுற்று’. வழக்கு தீர்கிறது, அரிசியும் தீர்கிறது. முடிவு காண்பது, இல்லாமல் போவது என்ற இரண்டு பொருளும் ‘தீர்’ என்ற வேரில் உண்டு. தோற்றால் வெளியேறும் ஆட்டத்துக்கு இரண்டுமே பொருந்தும்.

இந்தக் கணக்கில் 2006 நவம்பர் மோதலுக்குப் பிளே-ஆஃப் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அது தீர்வாட்டம். 2024 மோதலை அப்படிச் சொல்ல முடியாது.