கட்டுப்பாட்டுத் தொகுதி: சொல் விளக்கம்

திருகோணமலையில் கட்டுப்பாடு என்றதும் மூத்தவர்களுக்கு யுத்த காலத்து மீன்பிடிக் கட்டுப்பாடுதான் நினைவுக்கு வரும். அதனால் 'கொன்ட்ரோல் சிஸ்டம்' என்பதைக் கட்டுப்பாட்டுத் தொகுதி என்று கரும்பலகையில் எழுதினால், "இது தடை போடுகிற தொகுதியா சேர்?" என்று உயர்தர வகுப்பு மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆங்கிலச் சொல்லின் வேரில் தடை இல்லை. இடைக்கால இலத்தீனில் 'கொன்ட்ரா' எதிர், 'ரொட்டுலுஸ்' சுருள். கணக்குச் சுருளுக்கு ஒரு பிரதி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பிடிப்பார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; அதிகாரம் என்ற பொருள் பிறகு ஏறியது.

அதிகாரம் ஏறாத அந்தப் பழைய பொருளின் சாயலை, பெரிய ஆய்வுக் கருவிகளைக் கண்காணித்து இயக்கும் எபிக்ஸ் என்ற மென்பொருளில் இன்றும் பார்க்கலாம். பரிசோதனைப் பௌதிகவியல், கைத்தொழில் கட்டுப்பாட்டுத் தொகுதி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் ஒரு துணிக்கை ஆர்முடுக்கிக்காக (நுண்துகள்களை மிக வேகமாக ஓடவைக்கும் இயந்திரம்) எழுதிய மென்பொருளை, ஆய்வுக்கான எக்ஸ் கதிர்களைத் தரும் 1,104 மீற்றர் சுற்றளவுள்ள ஒளிமூல வளையம் ஒன்றைத் திட்டமிட்டிருந்த ஆர்கோன் ஆய்வுகூடம் எடுத்துக்கொண்டது. 1989 அளவில் இரண்டும் சேர்ந்து வளர்க்கத் தொடங்கின. அப்புறம் ஜப்பானின் கே.ஈ.கே. ஆர்முடுக்கி ஆய்வுகூடம், ஜெமினி தொலைநோக்கிகள், பிரான்சில் கட்டப்படும் அணுக்கரு இணைவு உலையான ஈட்டர் என்று பலரும் சேர்ந்தார்கள். 2004 இல் அது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்துக்கு வந்தது.

ஒரு காந்தத்தின் மின்னோட்டம், ஒரு குழாயின் அமுக்கம் என ஒவ்வொன்றுக்கும் எபிக்ஸில் ஒரு பதிவு, ஒரு பெயர். வேண்டியவர் அந்தப் பெயரை வலையமைப்பில் கூப்பிட்டுக் கேட்பார். அதை வைத்திருக்கும் கணினி "என்னிடம்" என்று பதில் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமைக் கணினி இருந்தாக வேண்டும் என்பதில்லை. பெயரைக் கேட்கும் முறையும் பதில் சொல்லும் முறையும் எல்லா ஆய்வுகூடங்களும் ஒத்துக்கொண்டவை. இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'கொன்ட்ரோல்' என்பதற்கு 'நெறியாள்கை' நல்ல சொல்தான். ஆனால் நாடகக்காரர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதில் ஒருவர் சொல்லப் பலர் நடிக்கிறார்கள். கட்டுப்பாட்டுக்கோ நம்மிடம் இன்னொரு பொருளும் உண்டு: ஊர்க்கட்டுப்பாடு. கரையிலிருந்து பலர் கூடி இழுக்கும் கரைவலையை வளைக்க ஆளுக்கொரு முறை என்று கூடிப் பேசி, பேசியதற்குத் தாங்களே கட்டுப்படுவது. தொகுதி என்பதும் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்று நம் பாடநூல்களில் பழகிய சொல். ஆகவே எபிக்ஸ் போன்றவற்றைக் 'கூட்டுக் கட்டுப்பாட்டுத் தொகுதி' என்றே எழுதுகிறேன். கேட்கும் மாணவருக்குக் கரைவலையைக் காட்டுகிறேன்.