பிரான்ஸ் பண்ணைகளில் பருவ வேலை: அனுமதிக்கு யார் விண்ணப்பிக்க வேண்டும், யார் பணம் கேட்கக் கூடாது

"பிரான்சில் திராட்சை பறிக்க ஆள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். விசாவுக்குப் பணம் கட்டினால் போதும்." இப்படியான செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. இதில் ஆள் தேவை என்பது உண்மை. ஷாம்பெய்ன் வட்டாரத்தில் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. அங்கே மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பறிப்புக்கு இறங்குகிறார்கள். ஆனால் "பணம் கட்டினால் போதும்" என்பது பொய். பிரான்ஸ் நாட்டுச் சட்டத்தில் பருவ வேலைக்கான அனுமதியை விலைக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் கூடாது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அங்கே உள்ள முதலாளி.

முதலில், இந்த அனுமதி யாருக்குத் தேவையில்லை என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தேவையில்லை. புதுச்சேரி, காரைக்காலில் இன்றும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்களும் நேராகப் போய் வேலையில் சேரலாம். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் கீழே சொல்லும் வழி. ஆஸ்திரேலிய, கனடிய இளைஞர்கள் பயன்படுத்தும் "வேலை செய்துகொண்டே சுற்றிப் பார்க்கும்" விசா நமக்கு இல்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பண்ணையில் சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குத்தான் உங்களை அழைக்கிறார் என்று பொருள்.

பருவத் தொழிலாளருக்கான வதிவிட அட்டையைப் பிரெஞ்சில் "த்ரவாயேர் சேசோனியே" அட்டை என்கிறார்கள். மூன்று ஆண்டு வரை செல்லும், புதுப்பிக்கவும் முடியும். ஆனால் அந்த மூன்று ஆண்டும் அங்கேயே இருந்துவிட முடியாது. ஒரு ஆண்டில் மொத்தம் ஆறு மாதம்தான் பிரான்சில் தங்கி வேலை செய்யலாம். மீதி நாள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நிரந்தர வீடு பிரான்சுக்கு வெளியேதான் என்று விண்ணப்பிக்கும்போதே உறுதி தர வேண்டும். குடும்பத்தை அழைத்துக்கொள்ளவோ குடியேறவோ இந்த அட்டை உதவாது. இதைச் சொல்லாமல் "மூன்று வருட விசா" என்று மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்த அட்டை பெற வேலை ஒப்பந்தம் குறைந்தது மூன்று மாதத்துக்கு இருக்க வேண்டும். திராட்சை விளம்பரங்களின் ஓட்டை இங்கேதான் தெரியும். ஒரு தோட்டத்தில் திராட்சை பறிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதற்கென்றே உள்ள "கோந்த்ரா வாந்தாஞ்" என்ற ஒப்பந்தத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பே ஒரு மாதம். அடுத்தடுத்து ஒப்பந்தம் போட்டாலும் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியிருக்க, வெறும் திராட்சை பறிப்பைக் காட்டி மூன்று ஆண்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்பது கணக்கிலேயே ஒட்டாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கும் வழி உண்டு: முதலாளி வேலை அனுமதி வாங்கி அனுப்ப, அதைக் காட்டிக் குறுகிய கால விசா எடுக்கலாம். ஆனால் இரண்டு வாரப் பறிப்புக்காக ஒரு தோட்டக்காரர் ஆசியாவிலிருந்து ஆள் வரவழைப்பாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீண்ட பருவமுள்ள வேலைகள் வேறு. தென்மேற்கில் லோ-எ-காரோன் மாவட்டத்தில் ஸ்ட்ராபெரி, தக்காளி. தெற்கே புஷ்-து-ரோன், வோக்லூஸ் பகுதிகளில் காய்கனி. ட்ரோம், ருசியோன் பக்கம் ஆப்ரிகாட். இலையுதிர் காலத்தில் ஆப்பிள். கோர்சிகா தீவில் கிளமென்டைன் ஆரஞ்சு. இந்தப் பண்ணைகளுக்கு வெளியிலிருந்து வருபவர்களில் மொரோக்கோ நாட்டவர்தான் அதிகம். அந்த நாட்டுடன் பிரான்சுக்குப் பல ஆண்டுகளாக ஆளெடுக்கும் ஏற்பாடு உண்டு. பிரெஞ்சு அரசின் குடிவரவு அலுவலகம் ஒன்று மொரோக்கோவின் காசாபிளாங்கா நகரிலேயே இயங்குகிறது. ஆகவே நம் ஊரிலிருந்து இந்த வழியில் போவது முடியாததல்ல, ஆனால் அது கூட்டம் கூட்டமாக ஆள் போகும் பாதையும் அல்ல.

காகிதம் நகரும் வரிசை

பிரான்சில் உள்ள பண்ணையார் முதலில் அந்த வேலையை அரசின் வேலைவாய்ப்பு அமைப்பான பிரான்ஸ் த்ரவாயில் மூன்று வாரம் அறிவிக்க வேண்டும். 2023 வரை இதன் பெயர் போல் ஆம்ப்ளுவா. உள்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டிய பிறகே வெளியிலிருந்து எடுக்கலாம். ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. 2024 மார்ச்சில் காய்கறிச் சாகுபடி, திராட்சை மற்றும் பழத்தோட்டம், கால்நடை வளர்ப்பு உள்ளிட்ட வேளாண் வேலைகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அடுத்து, பண்ணையாரே உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார். தொழிலாளிக்கு ஒழுங்கான தங்குமிடம் இருக்கும் என்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்து. அனுமதி கிடைத்ததும் அதையும் ஒப்பந்தத்தையும் உங்களுக்கு அனுப்புவார். அந்த இரண்டும் கையில் வந்த பிறகுதான் நீங்கள் பிரான்ஸ் விசா இணையதளத்தில் படிவம் நிரப்பி, விசா மையத்தில் நேரம் வாங்கி, கைரேகை கொடுக்கப் போகிறீர்கள். நீண்ட கால விசாவுக்குக் கட்டணம் 99 யூரோ, அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம். புறப்படும் நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விமான டிக்கெட்டுக்கு விசா வந்தபின் பணம் கட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் முகவருக்கு லட்சங்கள் கட்டும் கட்டம் இல்லை. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் எல். 5222-1 பிரிவு, வெளிநாட்டுத் தொழிலாளியை பிரான்சுக்குக் கொண்டுவருவதற்காகவோ வேலையில் சேர்ப்பதற்காகவோ யாரும் பணமோ பொருளோ வாங்குவதைத் தடை செய்கிறது, மறைவாக வாங்கினாலும் வெளிப்படையாக வாங்கினாலும். அடுத்த பிரிவு முதலாளிக்கானது. அரசுக்குக் கட்டிய கட்டணத்தையோ, உங்களை அழைத்துவரத் தான் கொடுத்த பயணச் செலவையோ உங்களிடமிருந்து அவர் திரும்ப வாங்கக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. வேறு பெயர் சூட்டிப் பிடித்தாலும் குற்றமே.

நம் பக்கத்துச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் குடியேற்றச் சட்டம் 1983-இன்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது; தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. பிரான்சுக்குப் போக குடியேற்றச் சோதனை முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் இந்திய அரசிடம் வாங்கும் அனுமதி) தேவையில்லை என்பதால் முகவருக்கும் உரிமம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. இலங்கையிலிருந்து போகிறவர்கள் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். அதன் உதவி எண் 1989.

போய் இறங்கிய பிறகு

வந்து இரண்டு மாதத்துக்குள் பிரெபெக்சூர் எனப்படும் மாவட்ட நிர்வாகத்திடம் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா ஒட்டுச்சீட்டிலேயே இது பிரெஞ்சில் எழுதியிருக்கும். பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து அடிக்கடி இருக்காது. சேர்ந்த முதல் வாரத்திலேயே பண்ணையாரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் உங்களை எம்எஸ்ஏ எனப்படும் வேளாண் சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. மருத்துவக் காப்பீடு, விபத்து இழப்பீடு எல்லாம் அதன் வழியேதான். வேலையில் அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில். முதலாளி பதியாமல் விட்டிருந்தாலும் விபத்துப் பாதுகாப்பு தொழிலாளிக்கு உண்டு.

சம்பளத்துக்கு அடித்தளம் ஸ்மிக் எனும் சட்டக் குறைந்தபட்ச ஊதியம். 2024 நவம்பரில் மணிக்கு 11.88 யூரோ என்று நிர்ணயித்தார்கள்; ஜனவரிதோறும் மறுபரிசீலனைக்கு வரும், அதனால் போகும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 35 மணி நேரம் வழக்கமான வேலை. அதற்கு மேல் முதல் எட்டு மணி நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல், அதையும் தாண்டினால் 50 சதவீதம். ஒரு வாரம் 40 மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 மணிக்கு 415.80 யூரோ, மீதி ஐந்து மணிக்கு 14.85 வீதம் 74.25, மொத்தம் 490.05 யூரோ. இதிலிருந்து சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போகும். ஒப்பந்தம் முடியும்போது, எடுக்காத விடுப்புக்கு ஈடாக மொத்த ஊதியத்தில் பத்து சதவீதம் தர வேண்டும். கடைசிச் சம்பளச் சீட்டில் "கோன்ஜே பேயே" என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் கேளுங்கள்.

கூடைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டாலும், உழைத்த மணிக்கணக்குக்கு ஸ்மிக்கைவிடக் குறையக் கூடாது. அதனால் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை மூன்றையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். தகராறு வந்தால் அந்த நோட்டு உங்கள் பக்கம் பேசும். ஒரு நாளில் பத்து மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம் என்பது பொதுவான உச்சம். அறுவடைக் காலத்தில் விலக்குக்கு இடம் உண்டு: 2024 ஜூலை ஆணைப்படி, ஷாம்பெய்ன் போல, விளையும் ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விளைபொருள்களைக் கையால் பறிக்கும் இடங்களில் வார ஓய்வை முப்பது நாளில் ஒரு முறை நிறுத்திவைக்கலாம். ஒரு முறைதான்.

தங்குமிடத்தைப் பற்றி விதிகள் நுணுக்கமாகப் பேசுகின்றன. முதலாளி தரும் இடம் கூடாரமாகவோ நிலவறையாகவோ இருக்கக் கூடாது. தூங்கும் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. வாடகை வாங்கினால் அது சம்பளத்துக்கும் இடத்தின் தரத்துக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பருவத் தொழிலாளர் ஆணை சொல்கிறது. கடவுச்சீட்டை "பத்திரமாக வைக்கிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இந்த விதிகள் தாளோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் ஷாம்பெய்னில் பார்த்தோம். கடும் வெயிலில் பறிப்பாளர்கள் சிலர் இறந்தார்கள். அதே பருவத்தில் மார்ன் மாவட்டத்தின் நெல்-லெ-ரெப்போன் கிராமத்தில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர்களான 57 பேரை வாழத் தகாத கட்டடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கியது வெளியே வந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மனிதக் கடத்தல் குற்றத்துக்கு மூவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. நல்ல வேலை என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் அவர்கள். நம்மவர்களுக்கு இப்படி நேராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

வெயிலுக்கு இப்போது தனி விதி இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல், வானிலைத் துறை மஞ்சள் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்ப எச்சரிக்கை விடுத்தால் முதலாளி வேலை நேரத்தை மாற்ற வேண்டும், நிழலும் ஓய்வும் தர வேண்டும். குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர் தர வேண்டும். பூச்சிமருந்து விஷயமும் அப்படித்தான்: தெளித்த வயலுக்குள் குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் நுழையக் கூடாது. பசுமைக் கூடாரமாக இருந்தால் எட்டு, கடுமையான மருந்தாக இருந்தால் 24 அல்லது 48. இலையில் ஈரம் காயாமல் மருந்து வாடை அடித்தால், எப்போது தெளித்தீர்கள் என்று கேட்ட பிறகு உள்ளே போங்கள்.

சிக்கல் வந்தால் போக வேண்டிய இடம் அன்ஸ்பெக்சியோன் து த்ரவாய் என்ற தொழிலாளர் ஆய்வுத் துறை. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் முதலாளியிடம் சொல்லக் கூடாது. வேலைச் சட்டம் பற்றிக் கேட்க 0806 000 126, உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆள்கடத்தலுக்கு ஆளானவர் புகார் கொடுத்தால், அதன் பேரில் வதிவிட அட்டை கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. பயந்து ஒளிந்திருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிரான்சில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இத்தனை சுற்று இல்லை. மாணவர் விசாவிலேயே ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். திராட்சை பறிப்பு அதற்குள் அடங்கும். முதலாளி உங்கள் விவரத்தை வேலை தொடங்குவதற்கு இரண்டு வேலைநாள் முன்பாவது பிரெபெக்சூருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் முதல் வாரம் வகுப்பு தொடங்காதவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

பருவ அட்டையில் போனவர்கள் முதல் பருவம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அட்டை செல்லுபடியாகும் வரை அதைக் காட்டித் திரும்ப நுழையலாம், புது விசா வேண்டாம். ஆனால் ஒவ்வொரு புது ஒப்பந்தத்துக்கும் முதலாளி புதிதாக வேலை அனுமதி வாங்க வேண்டும். பழைய பண்ணையாரே திரும்பக் கூப்பிட்டாலும் அந்தக் காகிதம் வந்த பிறகு புறப்படுங்கள். வந்த தேதி, திரும்பிய தேதி இரண்டுக்கும் ஆதாரமாகப் போர்டிங் பாஸையும் கடவுச்சீட்டு முத்திரைகளையும் படமெடுத்து வையுங்கள். ஆறு மாத வரம்பை மீறவில்லை என்று அட்டையைப் புதுப்பிக்கும்போது காட்ட அவை வேண்டியிருக்கும்.