தீட்டுவார்: சவரக்கத்தி வாருக்கு ஏற்ற சொல்

சவரக்கத்தியை இழுத்துத் தீட்டுகிற தோல்வாரைச் 'சாணைப்பட்டை' என்று எழுதுவது இப்போது பரவிக்கொண்டு வருகிறது. இணையத்தில் வாங்கிய ஒரு வாரோடு வந்த தாளில், "சாணைப்பட்டையில் கத்தியை நன்றாக அழுத்திக் கூர்மையாக்கவும்" என்று தமிழில் அச்சடித்திருந்தார்கள். காணொளிகளின் தமிழ் வசனவரிகளிலும் அதே சொல்தான். புதிதாகக் கத்தி பிடிக்கிற ஒருவர் அந்த வரியை நம்பி அப்படியே செய்தால் முதல் நாளே கத்தி வாயும் (வெட்டும் விளிம்பும்) போச்சு, வாரும் போச்சு.

முதலில் ஆங்கிலச் சொல்லைச் சட்டென்று பார்த்துவிடலாம். அங்கே இதன் பெயர் ஸ்ட்ராப் (strop). லத்தீனில் வாரையும் கயிற்றையும் குறித்த ஸ்ட்ரோப்பஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் கிரேக்கத்தில் முறுக்கிய கயிற்றைக் குறித்த ஸ்ட்ரோஃபோஸ். கைக்கடிகாரத்திலும் பையிலும் இருக்கிற ஸ்ட்ராப் (strap) இதே சொல்லின் இன்னோர் உச்சரிப்புதான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'அப்படியே ஸ்ட்ராப் என்று எழுதிவிட்டுப் போகலாமே' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் போய் ஸ்ட்ராப் கேட்டால் கடிகாரக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். மூலத்தில் எங்கேயும் 'கூர்' என்ற பொருளே கிடையாது. வார், அவ்வளவுதான்.

இப்போது சாணைக்கு வருவோம். சாணை என்றால் கல். வடமொழியின் சாணம் என்ற சொல்லிலிருந்து வந்தது. அது வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை, நம் வாயில் நன்றாகப் பழகிப்போன சொல் அது. ஆனால் சாணை பிடிப்பது என்றால் இரும்பைத் தேய்த்து எடுப்பது. சவரக்கத்திக்கும் அந்த வேலை உண்டு: 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்ணியது) வாயின் சரிவை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, அதற்கும் மேல் நுண்ணிய கல்லில் முடிப்பார்கள். அதைத் தினமும் செய்வதில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்துகிற கத்தி, வாரில் ஒழுங்காகத் தீட்டி வந்தால், கல்லைப் பார்க்காமல் பல மாதம் ஓடும்.

வார் செய்வது வேறு வேலை. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கனம். மழிக்கும்போது அது அங்கங்கே வளைகிறது, ஈரம் பட்டு லேசாகக் கருக்கிறது. தோலில் இழுக்கும்போது அந்த வளைவு நிமிர்கிறது, ஒட்டியிருப்பது துடைபடுகிறது. இரும்பு தேய்வது இல்லை என்றே சொல்லலாம்.

இதைவிட முக்கியமானது திசை. கல்லில் கத்தியின் வாய் முன்னே போகும், முதுகு பின்னால் வரும். வாரில் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். வாரின் கடைசிக்கு வந்ததும் கத்தியை வாயின் மேல் புரட்டக் கூடாது, முதுகு தோலை விட்டு எழும்பாமல் அதன் மேலேயே உருட்டித் திருப்பணும். சாணை என்ற சொல்லைக் கேட்டவர் கை என்ன செய்யும்? கல்லில் செய்வதைத்தான் செய்யும். வாயை முன்னே தள்ளும், அழுத்தும். தோல் சீவிக்கொண்டு போகும். கத்தியின் எடையே போதும், அதற்கு மேல் அழுத்தினால் தோல் குழிந்து வாயைச் சுற்றி எழும்பி அதை மழுக்கிவிடும். அந்தத் தாளை எழுதியவர் ஒரு தடவையாவது கையில் கத்தியை எடுத்திருந்தால் 'நன்றாக அழுத்தி' என்று எழுதியிருக்க மாட்டார்.

அப்புறம் பட்டை. மரப்பட்டை, பிரியாணிப் பட்டை, நெற்றியில் திருநீற்றுப் பட்டை என்று ஏற்கெனவே சுமை அதிகம். அதோடு, வைரத்துக்குப் 'பட்டை தீட்டுவது' என்பது முகம் முகமாக வெட்டி மெருகேற்றுவது. அந்த வழக்கு இருக்கும்போது தீட்டும் கருவிக்குப் பட்டை என்று பெயர் வைத்தால் குழப்பத்தைக் கூலி கொடுத்துக் கூப்பிடுவது மாதிரி. தோலை நீளமாக அறுத்து எடுத்தால் அது வார். செருப்பு வார், இடுப்பு வார், குதிரைச் சேணத்து வார், எல்லாம் வார்தான். வார்தல் என்றால் நேராக நீளுதல். கருவியின் வடிவமே சொல்லில் இருக்கிறது. இப்படி ஒன்று கையில் இருக்கும்போது பட்டைக்கு ஏன் போக வேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'வள்பு' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். புறநானூற்றின் 50ஆம் பாட்டில் முரசை இறுக்கிக் கட்டிய தோல்வாருக்கு அந்தப் பெயர் வருகிறது, அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு அதைப் படிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அகராதி வேண்டும். வழக்கில் உயிரோடு இருக்கும் வார் என்ற தமிழ்ச் சொல்லை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தோண்டி எடுப்பது தூய்மைக்கும் உதவாது. 'கூர்வார்' என்பாரும் உண்டு. கூர் உண்டாக்குவது கல், அதைக் காப்பதுதான் வார், அதனால் அதுவும் சரியில்லை.

தீட்டுதல்தான் பொருந்துகிற வினை. மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டுகிறோம். தீட்டாத அரிசி என்று பையில் எழுதியிருப்பதை இங்கே எல்லாரும் படிக்கிறார்கள். மேலாகத் தடவித் தேய்த்து மெருகேற்றுவது என்ற பொருள் அதில் எப்போதும் இருக்கிறது. 'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா' என்ற பழமொழி இன்னும் நல்ல சாட்சி. அரிவாளைத் தீட்டக் கல் மட்டும் அல்ல, மரக்கட்டையும் இருந்தது. அதில் கல்பொடியைத் தூவித் தேய்ப்பார்கள். சவரக்கத்திக்காரர்கள் இன்று மரப்பலகையில் தோலை ஒட்டிக் மெருகேற்றும் குரோமியம் ஆக்சைடு பசையைத் தடவித் தீட்டுகிறார்களே, அதுவும் அந்த முறையே.

தீட்டு என்றால் தீண்டாமை நினைவுக்கு வருகிறதே, அதுவும் நாவிதர் கருவிக்குப் போய் அந்தப் பெயரா என்று ஒரு நண்பர் வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தொழில் செய்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த வரலாறு நமக்குத் தெரியும். ஆனாலும் தீட்டுக்கல், தீட்டுமரம் என்று சொல்லும்போது யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை, பின்னால் வரும் பெயர் பொருளைக் காட்டிவிடுகிறது. ஆகவே தீட்டுவார். பேச்சில் வெறும் வார் போதும், 'வாரில் இழு' என்றாலே விளங்கும்.

இந்தத் துறையில் மற்ற மொழிபெயர்ப்புகளும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயிட் ரேஸர், கட்-த்ரோட் ரேஸர் என்று சொல்வதை 'நேரான ரேஸர்' என்கிறார்கள், 'தொண்டை அறுக்கும் கத்தி' என்றுகூட ஒரு வசனவரியில் வந்தது. சவரக்கத்தி என்று ஒரு சொல் இருக்கிறது ஐயா! நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் தமிழ் வரியை மட்டும் இயந்திரம் கொடுத்தபடியே அச்சுக்கு அனுப்புவதும், அதை ஒரு தமிழர்கூடப் படித்துப் பார்க்காமல் விடுவதும் எனக்கு வலிக்கிறது. லிட்டில் இந்தியா முடிதிருத்தும் கடைகளில் இப்போது அரை பிளேடு செருகும் கத்திதான், ஒருவருக்கு ஒரு பிளேடு. அது சுகாதாரத்துக்கு நல்லது. ஆனால் வயதான கைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. கேட்டால் சொல்லுவார்கள். யாரும் கேட்பதில்லை.

சரி, தீட்டுவார் வாங்கப் போகிறவர்களுக்கு. மாட்டுத்தோல் போதும், குதிரைத்தோலும் கங்காருத் தோலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதியவர் கை எப்படியும் தோலை ஒருமுறையாவது வெட்டிவிடும், விலை குறைந்ததில் பழகுவதே நல்லது. 3 அங்குல அகலம் இருந்தால் கத்தி முழுதும் படியும். அதைவிடக் குறுகலானால் சாய்வாக இழுத்துப் பழக வேண்டும். கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் வாரில் துணிப்பக்கமும் தோல்பக்கமும் இருக்கும். மழிப்பதற்கு முன் துணியில் இருபது முப்பது இழுப்பு, பிறகு தோலில் ஐம்பது அறுபது. வாரைத் தொய்யவிடாமல் பிடிக்க வராவிட்டால் பலகையில் ஒட்டிய வகையை வாங்குங்கள், அதற்குத் தீட்டுப்பலகை என்ற பெயர் பொருந்தும்.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வாரைக் குளியலறையில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், அறையில் காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள். கரிம எஃகுக் கத்தியை உடனே துடைத்து ஈரம் போக உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் பூசி வையுங்கள். தோலுக்கு எண்ணெய் வேண்டாம், உள்ளங்கையால் அடிக்கடி தேய்த்தாலே மென்மையாக இருக்கும். குரோமியம் ஆக்சைடு பசை தடவுவதானால் அதற்குத் தனியாக ஒரு பலகை வேண்டும், தினமும் இழுக்கும் தோலில் தடவிவிட்டால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.