அடிபட்ட பீப்பாய் பாடுவது எப்படி?

கரீபியன் தீவான டிரினிடாடின் கார்னிவல் திருவிழாக் காணொளி பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டினால் தடதடவென்றுதானே கேட்கும்? சுரம் எங்கிருந்து வருகிறது?"

அங்கே பிரிட்டிஷ் காலனி அரசு 1880களில் முரசுகளுக்குத் தடை போட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின். 1940களில் 55 காலன் பீப்பாய். அதன் அடிப்பாகத்தைச் சுத்தியலால் குழித்து, நெருப்பில் வாட்டி, குழிக்குள் சுரத்துக்கு ஒன்றாக மேடுகள் எழுப்பினார்கள். ஸ்டீல்பேன் பிறந்தது.

அந்த மேட்டில்தான் சூட்சுமம். சாதாரணத் தகரத்தைத் தட்டினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். நமக்கு அது இரைச்சல். ஸ்டீல்பேனில் சுருதி சேர்ப்பவர் ஒவ்வொரு மேட்டையும் தட்டித் தட்டி, முதல் அதிர்வு 440 என்றால் இரண்டாவது சரியாக 880 ஆகும்படி வைக்கிறார். மிருதங்கத்தின் கரணை (தோலின் நடுவே உள்ள கருப்புப் பூச்சு) செய்யும் வேலையும் இதே இனம்தான், சர் சி.வி. ராமன் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் ஸ்டீல்பேன் இன்னும் ஒரு படி போகிறது. வளைந்த மேடு, உள்ளே அமுங்கும்போது இளகியும் வெளியே புடைக்கும்போது விறைத்தும் நிற்கும். இப்படி இருபுறமும் ஒன்றுபோல் இல்லாத அசைவு, தானாகவே இரட்டிப்பு அதிர்வெண்ணைப் பிறப்பிக்கும். அந்த 880 ஏற்கெனவே காத்திருக்கிறதே! ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவதுபோல, முதல் அதிர்வின் ஆற்றல் மேல் ஸ்தாயிக்குக் கசிந்து ஏறுகிறது. குச்சி விலகிய பிறகும் சில மில்லி நொடிகளுக்கு அந்த மேல்சுரம் வளர்ந்துகொண்டே போகும். அடித்த கணத்தில் முழு ஒலியும் வந்துவிடுவதில்லை. மொட்டு அவிழ்வதுபோல் விரிகிறது. காதுக்கு அந்தப் பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஸ்டீல்பேன் கலைஞர் அந்தோணி வில்லியம்ஸ் வகுத்த அமைப்பில் ஒரு சுரத்துக்குப் பக்கத்திலேயே அதன் பஞ்சமம் இருக்கும். 'ச'வைத் தட்டினால் அடுத்த வீட்டு 'ப'வும் மெல்லச் சிலிர்த்துத் துணை நிற்கும்.

டிரினிடாடிலேயே அந்தோணி அச்சோங் என்ற இயற்பியலாளர் இந்த அதிர்வுகளைக் கணிதமாக்கினார். தெருவில் பிறந்த கருவியை அந்த மண்ணின் பல்கலைக்கழகமே ஆராய்வதற்கு எவ்வளவு நிதி கொடுத்தாலும் தகும் என்பேன். நம் தவிலுக்கும் பறைக்கும் அப்படியொரு ஆய்வுக்கூடம் வேண்டும்.

1963 முதல் கார்னிவலை ஒட்டி நடக்கும் பனோரமா போட்டியில், பெரிய குழு ஒன்றில் நூறு பேர் அளவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். சக்கர வண்டிகளில் ஏற்றிய கருவிகளை அக்கம்பக்கத்து ஜனங்களே மேடைவரை தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.