"புத்தி சொல்லுங்க" என்று இழுத்து வராதீர்கள்

"அப்பா இழுத்துக்கிட்டுக் கிடக்கார். இவன் முகத்தைப் பார்க்காம உயிர் போக மாட்டேங்குது. கொஞ்சம் புத்தி சொல்லுங்க." மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்த ஊர்க்காரர் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தாலும் இதே வசனம். போன வாரமும் ஐம்பதைத் தாண்டிய ஒருவரைப் பெரியப்பா, மச்சான் என்று ஒரு கூட்டமே அழைத்து வந்தது. எல்லோரையும் வெளியே உட்கார வைத்த பிறகு, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். சின்ன வயதில் அப்பாவிடம் திருக்கை மீன் வாலால் வாங்கிய அடி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன?" எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தக் கேள்விதான். பத்து வயதுப் பையன் யாரிடம் சொல்வான்? சோறு அந்த வீட்டில்தான். அம்மாவும் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் வெளிநாடு, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஓட்டம். ஓட்டம் குறையும்போது, பேரன் அதே வயதுக்கு வரும்போது, 'வந்து கவனி' என்று அழைப்பு வரும்போது எல்லாம் மேலே வருகிறது. தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, சிலருக்குக் குடி. இது பழிவாங்கலும் இல்லை, திமிரும் இல்லை. "நாங்களும்தான் அடி வாங்கினோம், நல்லா இல்லையா?" என்பவர்கள் அதை ஒருமுறை மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

மன்னிப்பு மருந்துச் சீட்டில் எழுதித் தருகிற சமாச்சாரம் இல்லை. போய்ப் பார்த்துத் தேறியவர்களும் உண்டு, பார்க்காமலே தேறியவர்களும் உண்டு. ஊர் கூடி நிற்கக் காலில் விழ வைத்து யாரும் தேறி நான் பார்த்ததில்லை.

பெற்றோர் பராமரிப்பு என்றால் அதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவாகும். பணம் அனுப்புவது வேறு, கட்டிலருகே உட்காருவது வேறு. படுத்திருக்கும் அப்பா கத்துகிறார் என்று அவரைக் கட்டிப்போடுவதும் வேண்டாம். ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் தீயில் போன 28 பேரை நம் மாவட்டமே மறந்தால் எப்படி? 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி குற்றம்.

அடிபட்டு வளர்ந்தவர்களே, போவதென்று நீங்களே முடிவு செய்தால், பகலில் போங்கள். உங்கள் பக்கம் நிற்கும் ஒருவர் கூட வரட்டும். அரை மணி நேரம் போதும். குடித்துவிட்டுப் போகாதீர்கள். 'தப்புப் பண்ணிட்டேன்' என்ற வார்த்தையை எதிர்பார்க்காதீர்கள். "நான் எப்படா அடிச்சேன்?" என்பார், பலர் உடைவது அங்கேதான். அந்த மனிதரிடம் பேரப்பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது. ராத்திரி தாங்க முடியவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சொந்தக்காரர்களே, தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யுங்கள். அவருக்குப் போன் போட்டு, "நீ வரலைன்னாலும் நான் உன்கூடப் பேசுவேன்" என்று சொல்லுங்கள்.