ஒரு ஏக்கர் குறுவையும் 18 லட்சம் யூனிட் வெயிலும்

குறுவை நெல் வயலில் விழும் வெயிலை, வீட்டு மின்சாரத்தை அளக்கும் அதே யூனிட்டில் அளந்து பார்க்கலாம். தஞ்சைப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் சூரிய ஆற்றல் கிடைக்கிறது. ஒரு ஏக்கருக்கு, அதாவது மூன்று மாவுக்கு, 20,000 யூனிட். நடவிலிருந்து அறுப்பு வரை 90 நாள் என்று வைத்தால் மொத்தம் 18 லட்சம். நன்றாக விளைந்தால் அந்த ஏக்கரில் 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை நெல் காணும். அத்தனை நெல்லிலும் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 10,000 யூனிட்தான். விழுந்த வெயிலில் அரை சதவீதம் மணியாகிறது. வைக்கோலையும் வேரையும் சேர்த்தால் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

ஏன் இவ்வளவு குறைவு? சூரிய ஒளியில் பாதிக்கு மேல் இலைக்குப் பயன்படாத அகச்சிவப்பு. நட்ட முதல் சில வாரங்கள் வயலில் தண்ணீர்தான் தெரியும். வெயிலைப் பிடிக்க இலை போதாது. இன்னொரு பெரிய தடை ரூபிஸ்கோ என்ற நொதி. கரியமிலவாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையை அதுதான் தொடங்கிவைக்கிறது. ஆனால் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சில முறைதான் வேலை செய்யும். வெப்பம் ஏற ஏற, கரியமிலவாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கரும்பு இந்தத் தொல்லையைத் தாண்ட வழி கண்டிருக்கிறது, நெல்லுக்கு அது வாய்க்கவில்லை. சேர்த்த சர்க்கரையிலும் கணிசமான பங்கைப் பயிர் தன் மூச்சுக்கே செலவழிக்கிறது. பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகக் கசியும். கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையும் அதற்கடுத்த ஒன்றிரண்டு இலைகளும் சமீபத்திய நாட்களில் பிடித்த வெயில்தான் பெரும்பாலும் அந்த மாவுச்சத்தாகியிருக்கிறது.

மீதி வெயிலில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகிறது. நெல் வயலிலிருந்து ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் நீர் ஆவியாகும். ஒரு லிட்டரை ஆவியாக்க 0.68 யூனிட் வேண்டும். ஆக, 5 யூனிட்டில் மூன்றுக்கு மேல் இதிலேயே தீர்கிறது. இதை விரயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலைத்துளை திறந்தால்தான் கரியமிலவாயு உள்ளே நுழைய முடியும்; அதே துளை வழியே நீர் வெளியேறுவதால் இலையும் சூடாகாமல் தப்பும். கடல்மீது விழும் வெயில் இதே வேலையைச் செய்துதான் தென்மேற்குப் பருவமழையாகக் குடகு மலையில் இறங்குகிறது. தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி வைத்தது வெயில். அது கீழே இறங்கும் வழியில் மேட்டூரில் மின்சாரம் எடுக்கிறோம்; கல்லணையில் பிரித்து விடுகிறோம்; மடையைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே வயலில் பாய்கிறது. டெல்டாவின் வண்டலைச் சுமந்து வந்து பரப்பியதும் இந்த இறக்கம்தான்.

விளைந்த அரை சதவீதத்துக்குப் பங்காளிகள் உண்டு. வரப்பில் எலி வளையைத் தோண்டிப் பார்த்தால் கத்தரித்த கதிர்கள் கட்டுக்கட்டாக இருக்கும். எலி வெப்ப இரத்தப் பிராணி. அது செரித்த உணவின் ஆற்றலில் ஒன்றிரண்டு சதவீதம்தான் சதையாகிறது. மற்றதெல்லாம் உடல் சூடாக வெளியேறிவிடும். அந்தச் சதையைத் தின்று வாழ வேண்டிய ஆந்தைகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் ஆந்தையை மட்டும் நம்பாமல் விவசாயி மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டியையும் வைக்கிறார். தவளையின் கணக்கு வேறு: உடலைச் சூடாக வைக்க அது செலவழிப்பதில்லை. எனவே தின்ற பூச்சியில் பெரிய பங்கு அதன் உடம்பாகிறது.

எலி தின்றாலும், மாடு தின்றாலும், நாம் உண்டாலும், அந்த ஆற்றல் வெப்பமாகத்தான் முடியும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாணமாக, மக்காக மண்ணுக்குத் திரும்பும், ஆற்றல் திரும்பாது. வாங்கியதைப் பூமி ஏறத்தாழ அப்படியே விண்வெளிக்கு விட்டுவிடுகிறது. மேகமில்லாத மார்கழி இரவில் இலை காற்றைவிடக் குளிர்ந்து பனி படிவது இதனால்தான். ஆனால் வந்த வடிவம் வேறு, போகும் வடிவம் வேறு. சூரியனிலிருந்து ஓர் ஒளித்துகள் வந்தால், இங்கிருந்து ஏறத்தாழ இருபது பலவீனமான அகச்சிவப்புத் துகள்கள் போகின்றன. செறிவாக வந்து சிதறிப் போகும் இந்த வேறுபாட்டில்தான் பயிரும் பருவமழையும் நடக்கின்றன. சூரிய ஆற்றலைப் பற்றி நம் பாடங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வெளியே போகும் அந்த வெப்பத்தை மறிக்கும் வாயு ஒன்று நம் வயலிலேயே பிறக்கிறது. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும், வேர்க்கசிவையும் மட்கும் தாள்களையும் கொண்டு நுண்ணுயிரிகள் மீத்தேன் உண்டாக்குகின்றன. நெல் தண்டின் காற்றுக்குழல் வழியாகவே அதில் பெரும்பகுதி வெளியேறும். 100 ஆண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமிலவாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தை அது பிடிக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் பாதியளவுக்குக்கூடக் குறையலாம், தண்ணீரும் மிச்சம். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த மடையைத் திறக்கலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது.